வனிலா

கடை பூட்டுமுன் மிஞ்சினதை
மூன்று வருசம் கறுப்புப் பையில் கட்டி எறிந்தேன்.
சீனி பூசினது, சொக்கிலேட் தடவினது,
நடுவில் ஜாம் வைத்தது.
எண்ணக்கூடாது என்றாலும் கை எண்ணும்:
ஒருநாள் நாற்பத்தாறு.

"எனக்குத் தா" என்றாள் ழோசியான்,
மரஆலையில் இரவுவேலை முடித்து
கோப்பி குடிக்க வருகிறவள்.
"ஆருக்கு?"
"கரடிக்கு."

ஹேர்ஸ்டிலிருந்து வடக்கே
மரலொறி போகிற மண்பாதையில்
இருபத்தெட்டாம் கிலோமீற்றர்.
இரும்புப் பீப்பா ஒன்றைச்
சங்கிலியால் மரத்தோடு பிணைத்தோம்.
டோனட், மேலே ஓட்ஸ்,
அதற்கும் மேலே
நான் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய்.
எண்ணெயை மிதித்த பாதம்
போகிற இடமெல்லாம் செய்தி சொல்லுமாம்.
நுளம்புவலைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு
தலையாட்டினேன்.

வீட்டில் நிர்மலன்:
"உமக்கென்ன விசரா?
இறைச்சி விக்காத ஊரிலயா இருக்கிறம்?"

வகுப்பில் பக்கத்துக் கதிரைக்காரனும்
ஏன் என்று கேட்டான்.
இறைச்சிக்கு என்றேன். பொய்யில்லை.
முழுசும் இல்லை.
துவக்குச் சத்தத்துக்குக்
கட்டிலின் கீழே போன பிள்ளை
இப்போது துவக்குத் துடைக்கப்
பழைய பெனியன் தேடுகிறாள்.
அதை எந்த மொழியில் அவனுக்குச் சொல்ல?

சரளைக்கிடங்கில் காகிதத்தட்டை நிறுத்தி
முதல்நாள் வானத்தைச் சுட்டேன்.
தோளில் கத்தரிக்காய் நிறம்.
நாலாம் கிழமை தட்டில் ஓட்டை,
ஓட்டைக்குப் பக்கத்தில் ஓட்டை.
"முன்னங்கால் முன்னே போகுமட்டும் பொறு" என்றாள்.
"சுடமுன் மரங்களைப் பார்.
குட்டி ஏறியிருந்தால்
கையை மடியில் வை."

பிறகு கமராவில் வந்தது.
விடிய மூன்று பன்னிரண்டு.
வலதுகாதில் ஒரு கிழிசல்.
பீப்பாவின் இரண்டாம் வளையத்துக்கு மேலே முதுகு.
பெரிசு, என்று ழோசியான் மேசையில் அடித்தாள்.
நான் பார்த்தது வேறு:
குந்தியிருந்து, இரண்டு கையாலும் ஏந்தி,
ஜாம் வைத்ததைத்தான் முதலில் தின்கிறது.
இந்த ஊரில் என் கைப்பக்குவத்தை
ஒருத்தரும் இவ்வளவு ஊன்றிக் கவனித்ததில்லை.

அடுத்த கிழமையிலிருந்து
ஜாம் கொஞ்சம் கூட வைத்தேன்.
ழோசியானுக்குச் சொல்லவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
உறுப்பெழுத்துக் கொப்பியில்
இருபது தரம் எழுதினவள் நான்.
சீனியிட்டவரை?

இரண்டு கிழமையாய் வெங்காயம் தாளிக்கவில்லை.
தலைக்கு எண்ணெய் இல்லை.
மணமில்லாச் சவர்க்காரம்;
உடுப்பெல்லாம் வெளியே மரக்கொப்பில்.
நிர்மலன் சோறும் தயிரும் தின்றுகொண்டு
என்னைப் பார்க்காமல் பார்க்கிறான்.
கறிமணம் போய்விட்டது.
நகக்கண்ணில் மட்டும் வனிலா.
தேசிக்காய் போட்டுத் தேய்த்தும்
தோல் எரிந்ததே ஒழிய
அது போகவில்லை.

"விடு" என்றாள் ழோசியான்.
"அந்த மணத்துக்கு மட்டும்தான்
அது பயப்படாது."
சொல்லிவிட்டுக் கோப்பிக்குச் சீனி கலக்கினாள்.
நான் மேசை துடைக்கப் போனேன்.
துடைத்த மேசையையே திரும்பவும்.

நாளைக்குப் பதினைந்து.
ஏணி கட்டியாயிற்று.
கிரீச்சிடும் மூன்றாம் படிக்குத்
துணி சுற்றியாயிற்று.
அனுமதிச் சீட்டு சட்டைப்பையில்,
நாளும் மாதமும் வெட்டவேண்டிய இடம்
வெட்டாமல்.
காற்று வடமேற்கு என்கிறது வானொலி.
நல்லதாம்.

கடைசிப் படம் நேற்றையது.
பீப்பாப் பக்கம் அது போகவேயில்லை.
ஏணியடியில் நிமிர்ந்து நின்று
நான் பிடித்து ஏறின படியை
முகர்ந்துகொண்டிருக்கிறது.
கிழிந்த காது முன்னே மடிந்து,
கமரா வெளிச்சத்தில் கண் இரண்டும் வெள்ளையாய்.

இன்றைக்குக் கடையில் மிஞ்சினது முப்பத்தொன்று.
ஜாம் உள்ளது ஒன்பது.
அதைத் தனியாய் ஒரு பெட்டியில் வைத்து
காரின் முன்சீற்றில் ஏற்றியிருக்கிறேன்.
பீப்பாவில் போடுவதா,
திருப்பிக் கொண்டுவருவதா,
ஒன்றும் யோசிக்கவில்லை.
நாலு மணிக்கு அலாரம் வைத்தாயிற்று.